மாப்பசை

இரவு லைட்டைப் போட்டால் ஓடும்.
நின்று பார்க்கிற வழக்கமில்லை அதற்கு.
வெள்ளிப் பொட்டொன்று நெளிந்து மீனாகி
சுவர் இடுக்கில் புகுந்துவிடும்.

"ராமபாணம்" என்றார் ஹட்டனில் ரிஸ்மி நானா,
வெண்காரம் நிறுத்துக்கொண்டே.
"இலங்கைக்கு விட்ட பாணம்
இன்னும் திரும்பிப் போகலையா நானா?"
சிரித்தார். விலையில் ஒன்றும் குறைக்கவில்லை.

முதலில் கலண்டரின் ஓரத்தைத் தின்றது.
அப்புறம் ஹம்சினியின் புலமைப்பரிசில் மாதிரித்தாள்,
நாலாம் கேள்வியே இல்லாமல் போனது;
அவளுக்கு அதில் கவலையில்லை.
அப்புறம் சீட்டுக் கொப்பி.
யார் யார் காசு கட்டவில்லை என்பது
இனி பூச்சிக்கு மட்டும்தான் தெரியும்.

புஷ்பம் கராம்பு வை என்றாள். வைத்தேன்.
பூச்சி உருண்டை போடு என்றாள்.
மூன்று நாள் ரொட்டியெல்லாம் அந்த வாசம்,
மருதை சாப்பிடாமலே பெரட்டுக்குப் போனார்.

ஜாம் போத்தல்தான் வேலை செய்தது.
வெளிப்பக்கம் பிளாஸ்டர் சுற்ற வேண்டும், ஏறுவதற்கு.
உள்ளே ரொட்டித் துணுக்கு.
இறங்கத் தெரிகிறது, திரும்ப
கண்ணாடியில் ஏறத் தெரியவில்லை.
காலையில் ஐந்து. மறுநாள் ஒன்பது.
சவர்க்காரத் தண்ணீரில் கொட்டிவிட்டு
கொழுந்துக்கு ஓடினேன்.

குனிந்து பிடுங்கிக்கொண்டிருக்கும்போதுதான் உறைத்தது:
சுவரையே நாங்கள் அதற்குச் சமைத்து வைத்திருக்கிறோம்.
ஒவ்வொரு தீபாவளிக்கும் பழைய பத்திரிகைமேல்
புதுப் பத்திரிகை, கோதுமை மாவைக் கிண்டி ஒட்டியது.
அதே மாவு.
எங்களுக்கு ரொட்டி, அதற்குப் பசை.

ஞாயிற்றுக்கிழமை உரித்தோம்.
தேர்தல் முகங்களுக்குப் பின்னால் தேர்தல் முகங்கள்,
ஒரு கிரிக்கட் வெற்றி,
ஒரு மண்சரிவு (யாரும் வாசிக்கவில்லை),
சீமெந்து விளம்பரம், அதற்கும் அடியில்
கறுத்த சுண்ணாம்பும் ஒரு நீள வெடிப்பும்.

பூச்சி போன வழியாகப் பனி வந்தது.
பிள்ளை கையிலும் காலுறை போட்டுக்கொண்டு படுத்தாள்.
நாலு இரவு பார்த்தோம்.
ஐந்தாம் நாள் மறுபடி மாவு கிண்டினேன்,
இந்தத் தடவை மயில்துத்தம் கலந்து.
நீலம் பாரித்த பசை.
"நக்கிப் பார்த்தா கொன்னுடுவேன்" என்றேன் மகளிடம்.
கொல்வது துத்தம்தான், நானில்லை.

எல்லாம் ஒட்டி முடித்துத் தகரப்பெட்டியைத் திறந்தால்
என் பிறப்பு அத்தாட்சிப் பத்திரம்.
வள்ளியம்மை என்று அப்பா சொன்னதை
ஒரு கொம்பு கூடப் போட்டுச் சிங்களத்தில்
வெள்ளியம்மை ஆக்கியவர் பதிவாளர்.
நாற்பத்தோரு வருஷம்.
வெள்ளியும் வள்ளியும் ஒரே ஆள்தான் என்று
இதுவரை மூன்று சத்தியக்கடதாசி, மூன்றுக்கும் காசு.

வெள்ளிப்பூச்சி அந்தக் கொம்பை மட்டும் தின்றிருந்தது.
துளியும் பிசகாமல்.
மிச்சம் வள்ளியம்மை.

மருதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.
ஓட்டை வழியாக எதிர்மலை தெரிந்தது.
"ஒரு நாளும் உனக்கு அரைப்பேர் போட்டதில்ல,
இப்ப இது போட்டுருச்சு" என்றார்.

கந்தோரில் அந்தப் பெண் கேட்டாள்:
"திருத்தம் செஞ்சது யாரு?
கையொப்பம் எங்க?"
நான் என்ன சொல்ல.
ஓட்டை என் வேலையில்லை என்று
நாலாவது சத்தியக்கடதாசி எழுதித் தந்தார்கள்.

பத்திரத்தைச் சுருட்டி
அதே ஜாம் போத்தலில் போட்டு மூடி வைத்திருக்கிறேன்.
பிளாஸ்டரை உரித்தாகிவிட்டது,
இனி வெளியிலிருந்தும் ஏற முடியாது.

நேற்று லைட்டைப் போட்டபோது
போத்தலைச் சுற்றி ஒன்று
மெதுவாக நடந்துகொண்டிருந்தது.
ஓடவில்லை.
செருப்பைக் கையில் எடுத்தேன்,
கொஞ்ச நேரம் வைத்திருந்தேன்.